காலியாகப் போன பை

பையைத் திறக்காமலே அதற்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று சொல்லிவிடுகிற ஒருவரோடு நான் பதினான்கு வருடம் வேலை பார்த்தேன். மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. சாப்பிட்டதா இல்லையா என்று குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார்களே, அப்படி உள்ளங்கையைப் பையின் மேல் வைத்து லேசாக அமுக்குவார். "சோப்பு டப்பா அடியில போயிருக்கு, மேல எடு" என்பார். "துண்டு வெக்கல நீ" என்பார். திறந்து பார்த்தால் சோப்பு டப்பா அடியில்தான் கிடக்கும். துண்டு இருக்காது. முணுமுணுத்துக்கொண்டே அவர் சொன்னபடி செய்வோம்.

நாங்கள் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். பெயரைப் போட்டால் வீட்டுக்கே வந்து சண்டை பிடிப்பார். அலுவலகம் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் இருந்தது என்பதோடு நானும் நிறுத்திக்கொள்கிறேன். அங்கே இன்னும் எனக்குத் தெரிந்தவர்கள் வேலை பார்க்கிறார்கள், எதற்கு வம்பு?

மாவட்டம் பிரிந்தபோது வேலூரிலிருந்து பழைய ஃபைல்கள் லாரி லாரியாக வந்தன. அக்காவும் அவற்றோடு வந்தவர்தான். முன் சீட்டில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வேகத்தடைக்கும் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாராம். ஒரு காகிதம் தொலையவில்லை. அதனால் ஆவண அறை அவர் கைக்குப் போனது. அந்த அறையில் ஃபைல்களைக் கட்டு கட்டாகத் துணியில் சுற்றி, நாடா போட்டு, சீட்டுச் செருகி வைத்திருப்பார்கள். எல்லாக் காகிதத்துக்கும் ஆயுள் உண்டு. சிலது ஒரு வருடத்தில் கிழித்துப் போடலாம், சிலது பத்து வருடம் இருக்க வேண்டும், சிலது நிரந்தரம். அக்கா உலகத்தையே அப்படித்தான் பிரித்து வைத்திருந்தார். யாருக்காவது புருஷனோடு சண்டை என்றால், கதை முழுவதும் கேட்டுவிட்டு, "இது ஒரு வருஷக் காகிதம், விடு" என்பார். ஒரே ஒரு தடவை, ஒருத்தி சொன்னதைக் கேட்டு, "இது நிரந்தரம்டி, பத்திரமா வெச்சுக்க" என்றார். அவள் அப்பா எழுதிய கடைசிக் கடிதம் அது.

அவர் போடும் முடிச்சு ஒரு தனி விசேஷம். எவ்வளவு ஆட்டினாலும் அவிழாது. நாடாவின் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் கழன்றுவிடும். எந்த நுனி என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஊருக்குப் போகிற யாரையும் அவர் சும்மா விட்டதில்லை. திருப்பதிக்குப் போகிறேன் என்றால் சாமியைப் பற்றிக் கேட்க மாட்டார், "எத்தனை பை?" என்பார். "ஒண்ணுதான்கா" என்றால், "உள்ள எத்தனை?" என்பார். பைக்குள் பை இல்லாமல் துணியை மொத்தமாகத் திணித்துக்கொண்டு போகிறவர்களை அவர் பார்த்த பார்வையில் இரக்கம் இருக்கும், கொஞ்சம் அருவருப்பும் இருக்கும். பாராட்டு என்பது அவர் வாயில் வராது. எல்லாம் சரியாக இருந்தால், "கட்டிடலாம்" என்பார். அந்த ஒரு வார்த்தையை வாங்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

இப்படிப்பட்டவர் ஒரு பையைப் பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தார். அதுவும் எங்கள் எல்லோருடைய மானமும் உள்ளே இருந்த பையை.

அலுவலகத்தின் பின்னால் காலி மனை ஒன்று உண்டு. ஐந்து மணிக்கு மேல் நாங்கள் அங்கே எறிபந்து ஆடினோம். ஒன்பது பெண்கள். நெட் கட்டிய கோட்டுக்கு ஒரு பக்கம் மலை தெரியும், மறு பக்கம் தெரியாது. மலை தெரிகிற பக்கத்துக்குத்தான் எப்போதும் அடிதடி. வீட்டில் நான் மருமகள், அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அந்த முக்கால் மணி நேரம் மட்டும்தான் நான் நான் என்று தோன்றும். இதைச் சொல்ல எனக்கு இப்போதும் வெட்கமில்லை. அந்த முக்கால் மணி நேரத்துக்காகவே நான் காலையில் எழுந்தேன்.

எங்களில் காசியம்மா ஒருத்தி. கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற அலுவலக உதவியாளர். டீ வாங்கி வருவாள், ஃபைல் தூக்குவாள். அவள் சர்வீஸ் போட்டால் பந்து வருவது தெரியாது, கை எரிவதுதான் தெரியும். "மல்லாட்டை பிடுங்கின கை, அப்படித்தான் இருக்கும்" என்பாள். ஊரில் வேர்க்கடலையை மல்லாட்டை என்றுதான் சொல்வார்கள்.

அரசு ஊழியர்களுக்கான போட்டி திருச்சியில் நடக்கிறது என்று சுற்றறிக்கை வந்தபோது, அக்காவை மேனேஜராகப் போட்டோம். அவருக்குப் பந்தைப் பிடிக்கவே தெரியாது. ஆனால் பயணம் என்றால் அவர்தானே? அக்கா ஆவண அறைக் கணக்கிலேயே மூட்டை கட்டினார். சட்டை எல்லாம் ஒரு பெரிய பையில், பேண்ட் எல்லாம் ஒரு பையில், ஷூ எல்லாம் ஒரு பையில். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. விழுப்புரத்தில் இறங்கி வேறு பஸ் மாறினோம். பேண்ட் பை கடைசி சீட்டுக்கு அடியில் தங்கிவிட்டது. நாங்கள் கவனித்தபோது அந்தப் பஸ் பாண்டிச்சேரி போய்ச் சேர்ந்திருந்தது.

மைதானத்தில் நாங்கள் நின்ற கோலத்தை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது, அன்று வரவில்லை. மேலே நம்பர் தைத்த சட்டை, கீழே புடவை, காலில் வெள்ளை கேன்வாஸ் ஷூ. நடுவர் நல்ல மனிதர். "எனக்கு ஆட்சேபணை இல்லம்மா, விதிமுறைக்குத்தான் ஆட்சேபணை" என்றார். ஒரு விசில் ஊதி, எதிரணி ஜெயித்ததாக அறிவித்தார். பந்தைத் தொடாமல் தோற்றோம்.

அக்கா அழவில்லை. யாரையும் சமாதானப்படுத்தவும் இல்லை. பரிசு மேசைப் பக்கம் போய் நின்றார். அங்கே சுழற்கோப்பை இருந்தது, வருடா வருடம் கை மாறுகிற ஒரே கோப்பை. அதன் உயரத்தில் கையை விரித்துச் சாண் வைத்தார். சுற்றளவிலும் வைத்தார். இரண்டு காதுகளுக்கு நடுவிலும் வைத்தார். அதிர்ச்சியில் அக்காவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

பை இரண்டு நாள் கழித்து பஸ்காரர்கள் மூலமாகத் திரும்பி வந்தது, போட்ட முடிச்சுக்கூட அவிழாமல். அலுவலக ஆண்கள் எங்களுக்கு வைத்த பெயரை இங்கே எழுத முடியாது. "திருச்சில மலைக்கோட்டை பார்த்துட்டு வந்தீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டார் சூப்பிரண்டு.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"தப்பு என்னுதுதான். விஷயவாரியா கட்டினேன். ரெக்கார்டுக்கு அது சரி. ஆளுங்களுக்கு ஆள்வாரியாத்தான் கட்டணும்" என்றார்.

"அதுக்கு என்னக்கா இப்ப? முடிஞ்சு போச்சு" என்றேன்.

"முடியல" என்றார் அக்கா. டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அடுத்த வருடம் போட்டி கோயமுத்தூரில். அக்கா அனுமதி கேட்டு எழுதிய காகிதத்தை சூப்பிரண்டு படிக்காமலே மேசையில் வைத்துக்கொண்டார். நானும் கூட நின்றேன்.

"இந்த ஒரு தடவை கையெழுத்துப் போடறேன்மா. இந்தத் தடவையும் ஆடாம திரும்பி வந்தீங்கன்னா, பொம்பளைங்க டீம்னு ஒரு பேப்பர் என் மேசைக்கு வரக் கூடாது. பின்னாடி அந்த நெட்டையும் அவுத்துடுவேன். வண்டி நிறுத்த எடம் கம்மியா இருக்குது."

வெளியே வந்ததும் சுவரோரம் நின்றுவிட்டேன். நெட்டை அவிழ்த்துவிட்டால் எனக்கு என்ன மிச்சம்? ஐந்து மணிக்கு நேரே வீடு, அடுப்பு, அப்புறம் மறுநாள் காலை. அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

"துணிக் கடைக்குப் போகணும், வரியா?" என்றார்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், பைகளுக்குத் துணி தேர்ந்தெடுக்க மூன்று நாள் ஆனது. கல்யாணப் புடவைகூட நான் ஒரு மணி நேரத்தில் எடுத்தேன். பாலித்தீன் வேண்டாம், வியர்வை நாறும். கான்வாஸ் வேண்டாம், துணியைவிடப் பை கனக்கும். ரவிக்கை லைனிங் துணி வழுக்கும், ஒன்றன்மேல் ஒன்று நிற்காது. ஆவணக் கட்டுக்குச் சுற்றுகிற சிவப்புத் துணி இலவசமாகவே கிடைத்திருக்கும். ஆனால் சாயம் போகும். கடைசியில் வெளுக்காத காடாத் துணியில் வந்து நின்றார். கூடவே கொசுவலையில் இரண்டு மீட்டர் கிழித்துத் தரச் சொன்னார். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார்.

தேரடித் தெருவுக்குப் பின்னால் தைக்கிற பாய் ஒருவர் எங்கள் சட்டைகளைத் தைத்தவர். அவரிடம் போனோம்.

"ஒரு பக்கம் காடா, ஒரு பக்கம் கொசுவலையா? நல்லாவே இருக்காதே மேடம்" என்றார் பாய்.

"நல்லா இருக்க வேணாம் பாய். உள்ள இருக்கிறது வெளிய தெரியணும். தெரியாத பையை அவசரத்துல கலைச்சுத்தான் பார்ப்பாங்க."

"சரி. அளவு? கொஞ்சம் ஜாஸ்தியா விட்டுத் தெச்சா எல்லாத்தையும் போட்டுக்கலாம்."

"ஜாஸ்தி விட்டா எல்லாத்தையும் போடுவாங்க. அதான் வேணாம். மடிச்ச சட்டை ஒண்ணு, மடிச்ச பேண்ட் ஒண்ணு. அதுக்கு மேல ஒரு கைக்குட்டை நுழையக் கூடாது."

ஒவ்வொருத்திக்கும் ஒரு நிறத்தில் நாடா. எனக்கு மஞ்சள், காசியம்மாவுக்கு நீலம். ஆளுக்கு இரண்டு உள்பை, ஏனென்றால் ஆளுக்கு இரண்டாவது செட் உடையும் தைக்கக் கொடுத்திருந்தார். கடைசியாக ஒன்று. மற்றவற்றைப் போல் சதுரமாக இல்லாமல், அடி வட்டமாக, உயரமாக. அதற்கு அளவைத் துண்டுச் சீட்டில் எழுதியிருந்தார்.

"இது யாருக்கு மேடம்? ஆள் கணக்குல வரலியே?" என்றார் பாய்.

"தைங்க பாய், சொல்றேன்" என்றார் அக்கா. சொல்லவில்லை.

போன மாதம் வேலைக்காக வெளியூர் கிளம்பிய என் மகள் நாலு சதுரப் பைகள் வாங்கி வந்தாள். ஜிப் வைத்து, மேலே வலை வைத்து, ஆஸ்ரமம் பக்கத்து வெள்ளைக்காரர்கள் பையில் வைத்திருப்பார்களே, அதே மாதிரி. "புதுசா வந்திருக்கும்மா, துணியை இதுல பிரிச்சுப் பிரிச்சு வெச்சுக்கலாம்" என்று எனக்குப் பாடம் எடுத்தாள். நான் ஜிப்பை நாலைந்து தடவை இழுத்துப் பார்த்தேன். ஜிப் போனால் பையே போச்சு என்று அக்கா சொல்லியிருப்பார்.

கிளம்புவதற்கு முந்தின மாலை அக்கா உள்பைகளைப் பிரித்துக் கொடுத்தார். முதல் செட் அவரவர் பையில், மேலாக. இரண்டாவது செட் அடுத்தவர் பையில், அடியில். என் இரண்டாவது செட் இன்னொருத்தியிடம் போனது. நீல நாடா போட்ட காசியம்மாவின் பை என்னிடம் வந்தது.

"எவ பை தொலைஞ்சாலும் அவ ஆடணும்" என்றார் அக்கா. அதற்கு மேல் விளக்கம் இல்லை.

இனி நான் எழுதப்போவது எனக்குப் பெருமையான விஷயம் அல்ல. வீட்டுக்குப் போய், என் புடவைகளுக்கு அடியில் காசியம்மாவின் துணியை வைத்தபோது மனசு ஒப்பவில்லை. அவள் எறிந்து நான் பிடிப்பேன், அவள் வாங்கி வந்த டீயைக் குடிப்பேன். ஆனால் அவள் உடுத்தும் துணி என் பையில், என் துணியோடு ஒட்டிக்கொண்டு! மாமியார் பார்த்தால் என்ன சொல்வார் என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். மாமியார் பாவம், அந்தப் பக்கமே வரவில்லை. உள்பையை எடுத்து அலமாரி மேல் வைத்துவிட்டுப் படுத்தேன்.

விடியற்காலை பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லை. முந்தின நாள் பௌர்ணமி. கிரிவலம் முடித்த கூட்டம் ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. அக்காவின் உத்தரவுப்படி நாங்கள் ஒன்பது பேரும் புடவைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ போட்டிருந்தோம். காலில் கிடப்பதை யாரும் பஸ்ஸில் விட்டுவிட்டுப் போக மாட்டார்கள் என்பது அவர் கட்சி. அக்கா வரிசையாக எங்கள் பைகள் மேல் கையை வைத்து அமுக்கிக்கொண்டே வந்தார். என் பை வந்தது. அமுக்கினார். மறுபடி அமுக்கினார். என் பக்கத்தில் காசியம்மா நின்றிருந்தாள்.

"மறந்துட்ட போல" என்றார் அக்கா. குரலில் ஒன்றும் இல்லை. "உன் வீடு பக்கத்துலதானே. பஸ் எடுக்க இருவது நிமிஷம் இருக்குது. ஓடிப்போய் எடுத்துனு வந்துடு."

திட்டியிருந்தால் திரும்பிப் பேசியிருப்பேன். மறந்துவிட்டாய் என்று எனக்கு ஒரு வழி விட்டாரே, அதுதான் தாங்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஷூ காலோடு ஓடினேன். வழியில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பஸ் நகரும்போது ஏறி, நீல நாடாப் பையை அக்காவின் கண் எதிரில் அடியில் வைத்தேன். அவர் மேலே கையை வைத்து அமுக்கினார். "கட்டிடலாம்" என்றார்.

ஊத்தங்கரை தாண்டி டயர் வெடித்தது. ஸ்டெப்னியும் காற்றில்லாமல் கிடந்தது. புளியமரத்தடியில் இரண்டு மணி நேரம். கிரிவலக் கூட்டத்தில் பாதிப் பேர் தங்கள் பைகளை எடுத்துக்கொண்டு பின்னால் வந்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போனார்கள். நாங்கள் பத்துப் பேர் ஒன்றாக ஏற இடமில்லை. அக்கா மணியைப் பார்க்கவே இல்லை. நாங்கள் மாற்றி மாற்றிப் பார்த்தோம். சேலத்தில் பஸ் மாறி, கோயமுத்தூர் மைதானத்தில் ஓடி நுழைந்தபோது ஆட்டத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது.

பார்வையாளர் படிக்கட்டுக்குக் கீழே ஓர் அறை. ஒன்பது பேரும் பையைத் திறந்தோம். எட்டுப் பேருக்கு மேலாக உள்பை, நாடாவை ஒரு இழு, சட்டை, பேண்ட். யாரும் எதையும் தேடவில்லை. அப்போது காசியம்மா, "ஐயோ" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

அவள் பையில் ஒரு வேட்டி இருந்தது. காவித் துண்டு இருந்தது. நிறைய விபூதிப் பொட்டலமும், செய்தித்தாளில் மடித்த வறுத்த வேர்க்கடலையும் இருந்தன. பை அதே கறுப்பு ரெக்ஸின் பைதான். ஆள்தான் வேறு. புளியமரத்தடியில் எவரோ கிரிவல பக்தர் அவள் பையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்.

"மல்லாட்டை எங்க போனாலும் என்னை விடாது போல" என்று சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. "நீங்கல்லாம் ஆடுங்க. நான் வெளிய குந்திக்கறேன்."

அவள் சர்வீஸ் இல்லாமல் நாங்கள் என்ன ஆடுவது? வாசலில் எதிரணி மேனேஜர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டி நடுவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் அக்காவைப் பார்த்தோம்.

அக்கா என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். நான் குனிந்து என் பைக்குள் கையை விட்டேன். புடவைக்கு அடியில், கண்ணை மூடிக்கொண்டு எடுத்திருப்பேன், கை நேராக அதன் மேல் போய் விழுந்தது. நீல நாடா. கொசுவலைக்கு அந்தப் பக்கம் அவள் நம்பர் ஏழு தெரிந்தது. அதை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

நான்கு நிமிடம் மிச்சம் வைத்துக்கொண்டு கோட்டுக்குள் இறங்கினோம். "மலை இல்லாம எந்தப் பக்கம் பார்க்கறதுன்னே தெரியலக்கா" என்றாள் காசியம்மா என்னிடம். "என்னைப் பாரு" என்றேன். அவள் பார்த்தாள், பந்தைத் தூக்கினாள், எறிந்தாள். எதிரணிப் பெண் பந்தைப் பிடிக்கக் கை நீட்டினாள். பந்து அவளுக்குப் பின்னால் கோட்டுக்குள் விழுந்து புழுதி கிளப்பியபோதும் அவள் கை நீட்டியபடியே இருந்தது. ஒரே மூச்சில் ஏழு புள்ளி. இரண்டு செட்டும் எங்களுக்குத்தான்.

மறுநாள் காலை, அரையிறுதிக்கு முன்னால், குழாயடியில் காசியம்மா தன் ஒரே சட்டையை அலசிக்கொண்டிருந்தாள். என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"காசியம்மா, அந்தப் பையை நான் மறக்கல. வேணும்னேதான் வெச்சுட்டு வந்தேன்."

அவள் சட்டையைப் பிழிந்து உதறினாள்.

"தெரியும்" என்றாள். "நான் பக்கத்துலதானே நின்னுனு இருந்தேன். உங்க மூஞ்சில எழுதி ஒட்டியிருந்துச்சு."

"அப்புறம் ஏன் ஒண்ணுமே கேக்கல?"

"கேட்டு இன்னா பண்றது? அப்புறம் ஷூவோட அந்த ஓட்டம் ஓடினீங்களே, அதையும்தான் பார்த்தேன்." சட்டையை என் தோள்மேல் போட்டாள், ஈரமாகவே. "ஒரு கொடி பார்த்துக் காயப் போடுங்க. பத்து மணிக்கு ஆடணும்."

நான் அதைத் தோளில் போட்டுக்கொண்டே வெயிலில் நின்றேன். கொடி தேடவில்லை. என் தோளிலேயே காய்ந்தது.

அரையிறுதியில் ஜெயித்தோம். இறுதி ஆட்டம் மதியம். மூன்றாவது செட் வரை போனது. பதிமூன்றுக்குப் பதிமூன்று. என் கைக்கு வந்த பந்தை நான் பிடித்தேன். வாழ்க்கையில் அதைவிட நன்றாக நான் எதையும் பிடித்ததில்லை. கடைசிப் புள்ளி காசியம்மாவின் சர்வீஸ். அதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? யாரும் தொடவில்லை. நாங்கள் ஒன்பது பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து அழுதோம். போன வருடம் திருச்சியில் விசில் ஊதிய அதே நடுவர் வந்து, "பேண்ட் எல்லாம் பத்திரமாம்மா?" என்று கேட்டார். அவரையும் சேர்த்துக் கட்டிப்பிடித்திருப்போம், தப்பினார்.

அக்கா மட்டும் கோட்டுப் பக்கமே வரவில்லை. மர நிழலில் பத்துப் பைகளையும் சுற்றி வைத்து நடுவில் உட்கார்ந்திருந்தார்.

கோப்பையை வாங்கிக்கொண்டு அவரிடம் ஓடினோம். "தூக்கிப் பிடிங்கக்கா" என்றால் பிடிக்கவில்லை. முந்தானையால் அதன் மேலிருந்த கைரேகைகளைத் துடைத்தார்.

"பஸ்ல கூட்டமா இருக்கும். இதை எப்படிக்கா எடுத்துனு போறது? மடியில வெச்சுக்கட்டுமா?" என்றாள் காசியம்மா.

அக்கா தன் பையைத் திறந்தார். எல்லாவற்றுக்கும் அடியில் மடித்து வைத்திருந்த ஒன்றை எடுத்து உதறினார். காடாவும் கொசுவலையும், அடி வட்டமாக, உயரமாக. திருவண்ணாமலையிலிருந்து காலியாகவே வந்த பை அது. கோப்பையை உள்ளே இறக்கினார். இரண்டு காதுகளும் துணியை லேசாக உரசிக்கொண்டு உட்கார்ந்தன. ஒரு கைக்குட்டை நுழைய இடம் இருக்காது.

எனக்குத் திருச்சி மேசையும் அந்தச் சாண் கையும் ஞாபகம் வந்தது.

"அக்கா, நாம தோத்த அன்னைக்கே அளவு எடுத்தீங்களா?"

"அப்ப இல்லாம எப்ப எடுக்கறது? மறு வருஷம் வரைக்கும் அதைக் கண்ணுல காட்டுவாங்களா?" என்றார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அக்கா முன்னால் போக, நாங்கள் ஒன்பது பேரும் பின்னால் போய் சூப்பிரண்டு அறையில் நின்றோம். அவர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, "இன்னாம்மா, ஆடினீங்களா? ஏதாவது பேப்பர் இருக்குதா?" என்றார்.

"பேப்பர் எதுவும் இல்ல சார்" என்றார் அக்கா. பையை மேசையின் நடுவில் வைத்தார்.

அவர் நிமிர்ந்தார். கொசுவலைக்குள் வெள்ளியாக ஏதோ மின்னியது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு முடிச்சைத் தடவிப் பார்த்தார், எப்படி அவிழ்ப்பது என்று புரியாமல்.

"இடது பக்க நுனி சார்" என்றாள் காசியம்மா.

சூப்பிரண்டு இழுத்தார். ஒரே இழுப்பில் கழன்றது.